அந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கு

சின்ன வயதில் மோவாயில் அடிபட விழுந்ததில் என் மகனுக்குக் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனது. வாயில் ஒரு விரல்கூட நுழையாது. சோற்றைக் கரைத்துத்தான் கொடுப்போம். இங்கே மும்பையில்தான் ஒட்டிய எலும்பை வெட்டியெடுத்து, இடையில் நெற்றிப்பொட்டுத் தசையை வைத்துத் தைத்தார்கள். வாயைத் திறந்து பழக்காவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். வலியில் அவன் யாரையும் கிட்டவே விடவில்லை.

சிஸ்டர், ஷிஃப்ட் முடிந்தும் நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, முதலில் உங்கள் பல்லுக்கு நடுவே வைத்துக் காட்டினீர்கள். அப்புறம், “இன்னிக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு, சரியா?” இதையெல்லாம் செய்யச் சொல்லி உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று உங்களுக்கு லீவு. மாட்டுங்கா பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். முழு இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிடுகிறான். வாயும் ஓய்வதில்லை; இப்போது அதுதான் எங்களுக்குத் தலைவலி!