சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதே

அன்புள்ள சேகர்,

நலம். பதில் தாமதத்துக்கான வசவை போனில் வாங்கிக்கொள்கிறேன். மணி மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. மொய் நோட்டு இந்த முறையும் உன் கையில்தானாம்.

"அந்தக் காலத்துக் கட்டடம் ஆயிரம் வருஷம் நிற்குது, நம்ம மாடி 30 வருஷத்துல உதிருது" என்று புலம்பியிருந்தாய். பாதிதான் உண்மை. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையில் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறான். அப்படியென்றால் அதுவரை அவற்றால்தானே கட்டிவந்திருப்பார்கள்? அவை பெரும்பாலும் மண்ணோடு போயின. மிஞ்சியதைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம்.

அந்தப் பட்டியலில் உலோகமும் இருக்கிறது, பார். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மண்டபத் தூண்கள் நெருங்கி நிற்பது அதனால்தான். நமக்கு அகலமான ஹால் வேண்டும், ஆகவே இழுவையைத் தாங்கக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி. கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை; அதை அளக்கும் பிஎச் எண் 12க்கு மேல். கரியமில வாயு மெல்ல நுழைந்து அதை 9 அளவுக்கு இறக்கியதும் துரு பிடிக்கும். துரு பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்து விழும். தளத்துக்கு 20, தூணுக்கு 40 மில்லிமீட்டராவது கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகி, கலவை ஓடட்டும் என்று தண்ணீரையும் ஊற்றினால், 30 வருஷம் நின்றதே பெரிய காரியம்.

சுண்ணாம்புச் சாந்தைக் கல்லாக்குவதும் அதே கரியமில வாயுதான், கேட்டுக்கொள்.

இனி சண்டை. தாத்தா வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசப்போகிறாயாமே! வேண்டாம்டா. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காய்கிறது. சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லை மாவாக்கும். பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்து. இடுக்குகளைச் சுரண்டி நனை. நீற்றிச் சில வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதே. ஒரு பூச்சு அரை அங்குலத்துக்குள். அது இறுகிய பிறகே அடுத்தது. வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடு. பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது, வெள்ளையடி. "கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தா சீக்கிரம் இறுகும் சார்" என்பார்கள், காதில் வாங்காதே.

ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடு. மாடித் தட்டோட்டு இடுக்குகளையும் பார். தரையிலிருந்து ஈரக்கோடு எத்தனை அடி என்று அளந்து, படத்தோடு அனுப்பு.

அன்புடன்,
ராஜு