கணக்கு எழுதுபவருக்கும் சம்பளம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறிய தொண்டு அமைப்புகளுக்குத் தனியார் அறக்கட்டளைகளின் நிதி ஏன் கிடைப்பதில்லை என்று சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாததுதான் காரணம் என்று அதில் முடித்திருந்தார்கள். பாதி சரி. தருமபுரி மாவட்டத்தில் 11 ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் டிரஸ்டின் செயலாளர் என்ற முறையில் மீதிப் பாதியை நான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் ஒரே விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பல இடங்களுக்கு அனுப்பினோம். குடிநீருக்கு மட்டுமே கொடுக்கிற அறக்கட்டளைக்குப் படிப்பு மையத்து விண்ணப்பம் போனால் யார் பதில் போடுவார்கள்? அது எங்கள் தவறுதான். இப்போது ஒரு அறக்கட்டளை போன வருஷம் யாருக்கு, எந்த மாவட்டத்தில், எவ்வளவு கொடுத்தது என்று பார்த்துவிட்டு, முதலில் இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் அனுப்புகிறோம், கூப்பிட்டால்தான் முழு விண்ணப்பம். டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவு எண், மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கின்றன. கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணத்துக்கு என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், அதுவும் செய்தாயிற்று.

பிரச்சினை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு அறக்கட்டளை (பெயர் வேண்டாம்) எங்களுக்கு மூன்று வருஷ நிதி தந்தது. ஆசிரியர்களின் ஊதியம், புத்தகம், சுண்டல் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். பட்ஜெட்டில் பகுதிநேரக் கணக்காளருக்கு மாதம் 8,000 ரூபாய் போட்டிருந்தோம், அதை மட்டும் அடித்துவிட்டார்கள். 'இது குழந்தைகளுக்குப் போகாத செலவு' என்றார்கள். ஆனால் அதே ஒப்பந்தத்தில் தனி வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு செலவு அறிக்கை, ஒவ்வொரு செலவுக்கும் பில், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் என்று அத்தனையும் கேட்டிருந்தார்கள். கேட்பது நியாயம்தான், அடுத்தவர் பணத்துக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். அதை எழுதுவது யார்?

எங்கள் ஒருங்கிணைப்பாளர்தான் எழுதினார். வாரம் நான்கு மையங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர், காலாண்டு முடியும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு நாள் ஆபீசிலேயே உட்கார்ந்து பில் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சமயத்தில் மலையடிவாரத்து மையம் ஒன்றில் ஆசிரியை வருவதை நிறுத்தியிருந்தது எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பிள்ளைகள் தினமும் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கணக்காளர் சம்பளம் குழந்தைகளுக்குப் போகாத செலவா, சொல்லுங்கள்.

நிர்வாகச் செலவைக் கேட்டாலே சட்டத்தைக் காட்டுகிறார்கள். சிஎஸ்ஆர் விதிகளில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலைக்குச் செய்துகொள்ளும் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் வேலை செய்யும் அமைப்பின் செலவு அதில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகமே 2021 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது உண்மை, ஆனால் அது வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும். உள்நாட்டு அறக்கட்டளை தன் சொந்தப் பணத்தைக் கொடுக்கும்போது அதை ஏன் இழுக்க வேண்டும்? அதே திருத்தம்தான், பெரிய அமைப்புகள் தாங்கள் வாங்கும் வெளிநாட்டு நிதியில் எங்களைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தது. அந்த வழி அடைபட்ட பிறகு உள்நாட்டு அறக்கட்டளைகளை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் குறைவு.

அவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கணக்காளர், ஆடிட்டர் கட்டணம், ஆபீஸ் வாடகை, பஸ் செலவு இவற்றைத் திட்டச் செலவாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் குறிப்பைத் தமிழில் எழுத விடுங்கள். பத்து வருஷமாக ஊரில் வேலை செய்கிறவருக்கு ஆங்கிலம் எழுத வரவில்லை என்பதற்காக அந்த வேலை இல்லாமல் போய்விடாது. நிராகரித்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். நாங்கள் அனுப்பியதில் பாதிக்கு மேல் இன்றுவரை ஒரு பதிலும் இல்லை, எதைத் திருத்துவது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் இன்னொரு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் அனுப்புகிறோம். அதில் கணக்காளர் சம்பளம் தனி வரியாகவே இருக்கும், மையங்களைப் போய்ப் பார்க்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு டிரஸ்ட் செயலாளர்,
தருமபுரி மாவட்டம்