ரஜுலா நின்ற தூரம்

நாகப்பட்டினம்
12.9.2024

அன்புள்ள காதர்,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பார்வை பரவாயில்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் கரை வரைக்கும் தெரிகிறது. பேத்தி, "வாட்ஸ்அப்பில் பேசினால் முடிந்தது, எதுக்குத் தாத்தா தபால்?" என்கிறாள். போனில் நீ பேசவே விடமாட்டாய் என்பது அவளுக்கு எங்கே தெரியும்.

புதுக்கப்பலைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். 2023 அக்டோபர் 14-ந் தேதி 'செரியாபாணி' என்ற கப்பலை இலங்கையின் காங்கேசன்துறைக்கு விட்டார்கள். ஊரே திரண்டது. ஒரு வாரம் ஓடியிருக்கும், ஐப்பசி மழை வந்தது, நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷம் ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடுகிறது. 150 சீட். ஏ.சி. உண்டு. நாலு மணி நேரத்தில் அக்கரை. கடுவையாற்று முகத்துவாரத்துக்குள்ளேயே வந்து அணைகிறது. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறார்கள், பெட்டியை மெஷினில் விடுகிறார்கள், சோதனை முடிகிறது, ஏறிப் போய்விடுகிறார்கள். சுத்தமாக, ஒழுங்காக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருப்பவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "கப்பல் வருது சார், போவுது சார், நமக்கு நாலு டீ கூட ஓட மாட்டேங்குது" என்றார். அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னால்தான் தீரும்.

நம் ஊர் கப்பலால் பிழைத்தது என்று எல்லோரும் சொல்கிறோம். கப்பல் கரைக்கு வர முடியாததால் பிழைத்தது என்பதுதான் சரி. இங்கே எந்தக் காலத்திலும் பெரிய கப்பல் அணையும் ஆழம் கிடையாது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய நம் ரஜுலா கப்பல் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் கறுப்புப் புகைபோக்கி மட்டும் எடுப்பாகத் தெரியும். அந்தக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கிடந்த தண்ணீர்தான் நமக்குச் சோறு போட்டது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் ஆட்களுக்குப் படகு வேலை, போர்ட்டர்களுக்குச் சுமை, முதல் நாளே வந்து இறங்கும் புதுக்கோட்டை, ராமநாதபுரம் ஆட்களுக்கு லாட்ஜ், அவர்களுக்குச் சாப்பாட்டுக்கடை, பெட்டி கட்டிக் கொடுக்கக் கயிற்றுக்கடை, விண்ணப்ப ஃபாரம் பூர்த்தி செய்ய என்னைப்போல ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா. கப்பல் நேரே ஜெட்டியில் வந்து நின்றிருந்தால் இதில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டோம்.

1967-ல் நீ பினாங்குக்குக் கப்பல் ஏறிய நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ பாதி தூக்கத்தில் இருந்தாய். நான் ஆபீஸ் ஆளாகப் பயணிகள் லிஸ்டை எடுத்துக்கொண்டு உன் படகிலேயே வந்தேன். காலையில் அம்மை ஊசி, காலரா ஊசி அட்டையைப் பார்த்தார்கள். கஸ்டம்ஸ் கொட்டகையில் உன் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலாக உம்மா வைத்த ஊறுகாய் ஜாடி, அதைச் சுற்றிக் கைலி. மூடிவிட்டுச் சாக்கட்டியால் ஒரு கீறு போட்டார்கள். அந்தக் கீறு இருந்தால்தான் பெட்டி படகில் ஏறும்.

கப்பல் பக்கத்தில் போன பிறகுதான் அதன் உயரம் உறைக்கும். கப்பலின் பக்கவாட்டில் ஏணி தொங்கும், அடியில் ஒரு சின்னப் பலகை மேடை. அலை ஏறும்போது படகு மேடைக்குச் சமமாக வரும், மறு நொடி ஆள் உயரம் கீழே போய்விடும். படகை நடத்தும் தண்டல் அதன் முனையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் "ம்" என்று சொல்லும் நொடியில் கால் வைக்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. முதல்முறை போகிறவர்களை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மேடையில் வைப்பார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு ஆச்சி, "என்னைத் தொடாதே" என்று சத்தம் போட்டுவிட்டு, தானே சேலையைச் சொருகிக்கொண்டு சரியான அலைக்குக் கால் வைத்து ஏறிப் போனார். எத்தனையாவது பயணமோ.

உனக்கு டெக்கில் கிடைத்த இடம் சமையற்கட்டுப் பக்கம். வெக்கை அடித்தது. நான் கரைக்குத் திரும்பியதும் உம்மா கேட்டது ஒரே கேள்வி, "இடம் கெடச்சுச்சா?" நல்ல காற்றோட்டமான இடம் உம்மா என்றேன். அவர் அந்தத் திருப்தியோடு நாகூருக்குப் போய் ஆண்டவருக்குப் பாத்தியா ஓதிவிட்டு வந்தார். பினாங்கில் இறங்கினால் சூலியா தெருவிலும் ஒரு நாகூர் தர்கா இருப்பதை நீ எழுதித்தான் அவருக்குத் தெரியும். அதன் பிறகு பாதிக் கவலை விட்டது அவருக்கு.

ஒரு விஷயம். ரஜுலா யுத்தத்தில் அடிபட்டு மூழ்கியதாக உன் பேரனிடம் சொல்லியிருக்கிறாய். அது ரஜுலா இல்லை, ரோணா. இரண்டும் ஒரே கம்பெனிக்கு, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷனுக்கு, 1926-ல் கட்டியவை. ரஜுலா கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் தளத்தில் கட்டியது, 8,478 டன். யுத்தத்தில் இரண்டும் பட்டாளம் ஏற்றப் போயின. 1943 நவம்பர் 26-ல் அல்ஜீரியாவுக்கு எதிரே மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் விட்ட குண்டு ரோணாவைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். விமானத்திலிருந்தே ரேடியோவால் திருப்பிச் செலுத்தும் புது மாதிரிக் குண்டு என்பதால் அமெரிக்கா அந்தச் செய்தியை வெகுநாள் அமுக்கி வைத்திருந்தது. ரஜுலா தப்பி வந்து, மறுபடி சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பழைய பாதையிலேயே ஓடியது. 1973-ல் இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி 'ரங்காட்' என்று பெயர் மாற்றியது. அடுத்த வருஷமே உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். 47 வருஷம் ஓடிய கப்பலை நம் ஊரில் யாரும் ரங்காட் என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆரம்ப காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. யோசித்துப் பார். நம் வெளிப்பாளையத்தை அப்படியே எடுத்து இரண்டு தளத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்த மாதிரி. இப்போது ரஜுலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலா, கடல்காற்று, சீட்டுக்கச்சேரி என்று உருகி உருகி எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கடை முதலாளி பிள்ளைகளுக்கு அது உண்மையாக இருக்கலாம். அதே டெக்கில்தான் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிப்போன ஆட்களும் போனார்கள். இங்கே டிப்போவில் அடைத்து வைத்து, எண்ணி ஏற்றி, அங்கே போனதும் பினாங்குக்கு எதிரே ஜெராஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்து, அப்புறம் ரப்பர் தோட்டத்துக்கு. 1938-ல் இந்திய அரசு அந்த ஆள்பிடிப்பைத் தடுக்கும் வரை ரஜுலாவின் வருமானமே அவர்கள்தான். அவர்களில் யாரும் நிலாவைப் பற்றி எழுதி வைக்கவில்லை.

அந்தக் கதையின் வால் பகுதியை நான் பார்த்தேன். 1969 கலவரத்துக்குப் பிறகு உங்கள் மலேசியாவில் வேலைக்குப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தைக் கடுமையாக்கினார்களே, குடியுரிமை இல்லாத தோட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரும்பினார்கள். ரஜுலா வந்த நாளெல்லாம் எனக்கு ராத்திரி வரை வேலை. 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால் புருஷன் ஒரு பெயர் சொல்வார், பெண்சாதி ஒரு பெயர் சொல்வாள், பிள்ளைகள் தோட்டத்தின் பெயரைச் சொல்லும். ஒருவர் பெட்டியில் பால் வெட்டும் கத்தி இருந்தது. கஸ்டம்ஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைந்த முனை, பிடியில் துணி சுற்றி, துணி முழுக்கக் காய்ந்த ரப்பர் பால். ஆயுதமா, கருவியா என்று அவருக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில் உள்ளேயே வைத்துவிட்டார். அந்த மனிதர் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ கிராமம். அங்கே எந்த மரத்தில் பால் வெட்டப் போகிறார்?

அதே கொட்டகையில் அடுத்த மேஜையில் சபுராளிகளின், அதாவது வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்புகிறவர்களின், பெட்டிகள் திறக்கும். கோடாலித் தைலம், நைலான் புடவை, டிரான்சிஸ்டர், டார்ச். அத்தர் வாசனை கொட்டகையைத் தூக்கும். போகும்போது கப்பலில் வெங்காய மூட்டை, வரும்போது இதெல்லாம். இரண்டு மேஜைக்கும் நடுவே நான்கடி இடைவெளி இருக்கும். அதில்தான் என் ஸ்டூல்.

தனுஷ்கோடிக்கு நடந்ததையும் இதோடு சேர்த்து யோசிக்கிறேன். அங்கே நேர் எதிர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் கடல் விளிம்பு வரைக்கும் போனது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் ஜெட்டியில் இறங்கி இர்வினிலோ கோஷனிலோ ஏறி தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. என் சித்தப்பா ஒருமுறை போய்வந்தார். ஊர் என்று ஒன்றைப் பார்த்ததாகவே அவர் சொன்னதில்லை, இறங்கினேன் ஏறினேன் என்பார். 1964 டிசம்பர் புயல் ஒரே ராத்திரியில் அதைத் துடைத்துவிட்டது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் கப்பல் கொஞ்ச காலம் ஓடியது, இலங்கையில் சண்டை மூண்டதும் அதுவும் நின்றது. தனுஷ்கோடியைப் பார்க்க இன்றைக்கும் பஸ்ஸில் கூட்டம் போகிறது. இடிந்த சர்ச்சுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் தவணை முறையில் போனதால் யாருக்கும் தெரியவில்லை. 1928 வாக்கில் ரயில் ஒர்க்‌ஷாப்பைப் பொன்மலைக்கு மாற்றினார்கள், அது முதல் தவணை. 1985 பிப்ரவரியில் ரஜுலாவுக்குப் பிறகு ஓடிய சிதம்பரம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்ததே, அது கடைசி.

சிதம்பரத்தை நீ எப்போதும் குறை சொல்வாய், ஏ.சி. குளிர் ஆகவில்லை என்று. பிரெஞ்சுக்காரன் தென் அமெரிக்காவுக்கு ஓட்டக் கட்டிய கப்பல் அது, முதல் பெயர் 'பாஸ்தர்'. அதில் நம் சனம் ஈர வேட்டியைக் கைப்பிடிக் கம்பியில் காயப்போட்டு ஒரு வழி பண்ணிவிட்டது. தீப்பிடித்த செய்தி வந்த அன்று ஏஜெண்டு ஆபீஸ் வாசலில் கூடிய கூட்டம் ராத்திரி முழுக்கக் கலையவில்லை. ரேடியோவில் பெயர் எதுவும் சொல்லவில்லை. டிரங்கால் புக் பண்ணிவிட்டு ஜனம் படியிலேயே உட்கார்ந்திருந்தது. பல உயிர் போனது. கப்பலைச் சரிசெய்யவில்லை, உடைக்க விற்றார்கள். எப்படியும் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். அதற்கு முன்பே நீயே விமானத்தில்தானே வர ஆரம்பித்திருந்தாய்? வாரக்கணக்கில் லீவைக் கடலில் கழிக்க எந்த முதலாளி விடுவான்?

ஆகவே புதுக்கப்பல் வந்தால் ஊருக்குப் பழைய களை வந்துவிடும் என்று இங்கே சிலர் பேசும்போது நான் தலையாட்டுவதில்லை. கப்பல் நல்ல காரியம், ஓடட்டும். யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஊர் பிழைப்பது வேறு கணக்கு.

இனி வீட்டுச் சங்கதி. மூத்தவன் சென்னைக்கே வந்துவிடச் சொல்கிறான். மூன்றாவது மாடி, லிஃப்ட் அடிக்கடி நிற்கும் என்று மருமகளே சொல்லிவிட்டாள், தப்பித்தேன். நம் கூடப் படித்த செல்லையன் ஆனி மாதம் காலமானான். உனக்குச் சொல்லச் சொல்லிப் பையனிடம் நம்பர் கொடுத்திருந்தேன், சொன்னானா தெரியவில்லை. கடைசிவரை உன் கடன் பதினைந்து ரூபாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு நீ கொடுக்க வேண்டியதா, அவன் உனக்கா என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

கந்தூரிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். திருச்சியில் இறங்கு, கார் ஏற்பாடு செய்கிறேன். ராத்திரி விமானம் வேண்டாம், திருவாரூருக்கு இந்தப் பக்கம் ரோடு வேலை நடக்கிறது. வரும்போது உன் முதல் பாஸ்போர்ட்டை எடுத்து வா, என் ஆபீஸ் முத்திரை அதில் இருக்கிறதா பார்க்க வேண்டும். கோடாலித் தைலம் வேண்டாம், இங்கே மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி நல்லதாக ஒன்று வாங்கி வா. விலையை இங்கே தருகிறேன், இல்லாவிட்டால் அதுவும் செல்லையன் கணக்காகிவிடும்.

வீட்டம்மாவுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன்,
கோவிந்து