கருத்துக் கேட்பு தரைத்தளத்தில் நடக்கட்டும்

ஐயா,

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் கொள்கை குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது பற்றிய செய்தியை வாசித்தேன். 2006-ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகு 2016-இல் புதிய சட்டம் வந்து, சட்டம் ஏற்கும் குறைபாடுகள் 7 வகையிலிருந்து 21 ஆகிவிட்டன. எனவே கொள்கையைப் புதுப்பிப்பது அவசியம்தான். ஆனால் யாருக்காகக் கேட்கிறார்களோ, அவர்களால் அந்த இடத்துக்கு வந்து சேர முடிகிறதா?

போலியோவால் கால் பாதிக்கப்பட்ட என் தம்பியை இப்படியொரு கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். கூட்டம் மாடியில். எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் உயரமான திண்ணைப் படிகளிலேயே கைகளை ஊன்றி ஏறிப் பழகியவன்தான். ஆனால் அத்தனை பேர் பார்க்க அப்படி ஏற அவனுக்கு மனம் வரவில்லை. காலைத் தாங்கும் காலிபர் கருவியைத் தளர்த்திவிட்டு, கீழே சைக்கிள் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் ஒருவர் வருகைப் பதிவேட்டைக் கீழே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார். கருத்தை யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் சொல்ல வேண்டியதைப் பேருந்தில் வரும்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். அதை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடையாள அட்டைக்கான மருத்துவ முகாமுக்கு எப்படியும் எல்லோரும் வருகிறார்கள். அதே நாளில், சாய்தளம் உள்ள தரைத்தளத்தில், சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கருத்துக் கேட்கலாம். கொள்கை வரைவை எளிய தமிழில் அச்சிட்டும், பார்வையற்றோருக்கு ஒலிவடிவிலும் முன்கூட்டியே தர வேண்டும்.

– ஒரு வாசகி, புதுவயல்