மழலையர் பள்ளித் தாளாளர்கள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கல்வியாண்டில் செயற்குழு 6 முறை கூடியது. புதிதாக 2 பள்ளிகள் சேர்ந்துள்ளன. தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று புதுப்பிக்கும் வேலைகளில் உறுப்பினர்களுக்கு உதவினோம். மற்றபடி ஆண்டு முழுக்க நம் கவனம் ஆசிரியர் பயிற்சியில்தான் இருந்தது.

சென்ற ஆண்டு ஜூனில் மண்டபம் பிடித்து, வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைத்து ஒரு நாள் பயிற்சி நடத்தினோம். சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. ஜூலையில் வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. நம் வகுப்புகளுக்கு என்ன தேவை என்று நாம் அவரிடம் சொல்லவே இல்லை. நமக்கே அது தெரியாது.

அதனால் இம்முறை, மழலையர் வகுப்பிலேயே காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைப் பயிற்றுநராக அமர்த்தினோம். முதல் மாதம் அவர் பயிற்சியே தரவில்லை. பின்வரிசையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தார். என் பள்ளிக்கு வந்த அன்று நானும் உடனிருந்தேன். யுகேஜி மிஸ் படத்தைக் காட்டி, "குரங்கு ஏன் மரத்து மேல ஏறுச்சு?" என்று கேட்டார். பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். பயிற்றுநர் நோட்டில் ஒரு கோடு போட்டார். அரை மணி நேரத்தில் 11 கோடுகள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தாலே பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டதை அன்று மாலை அவர் எனக்குச் சொன்னார்.

தாளாளர்களான நாம் கேட்டிருந்தது கையெழுத்துப் பயிற்சியும், எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸும். மற்ற பள்ளிகளிலும் இதே நிலையைப் பார்த்ததால், கேள்வி கேட்டபின் காத்திருப்பது என்ற இந்த ஒன்றை மட்டும் முதல் பருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார் பயிற்றுநர். அட்டவணையையும் நம்மோடு உட்கார்ந்தே போட்டார். ஆண்டு விழா ஒத்திகை வாரங்களை முதலில் அடித்துவிட்டார். 2 மணி நேரப் பயிற்சி, அதில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் நடத்திப் பார்ப்பது, 10 நாளுக்குள் அவர் வகுப்புக்கு வருவது, அப்புறம் ஆசிரியரோடு தனியாக 20 நிமிடப் பேச்சு. அந்த 20 நிமிடம் வகுப்பை யார் பார்ப்பது? தாளாளரே பார்ப்பது என்று முடிவானது. சரி என்று தலையாட்டிய எனக்கு, எல்கேஜி பிள்ளைகள் 24 பேரை அவ்வளவு நேரம் உட்கார வைப்பது என்னவென்று வகுப்பில் நின்றபோதுதான் புரிந்தது.

ஒரு மனவருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். சம்பள உயர்வு முடிவு செய்யப் பயிற்றுநரின் குறிப்புகளைத் தருமாறு உறுப்பினர் ஒருவர் கேட்டார். பயிற்றுநர் மறுத்தார். செயற்குழுவும் அவர் பக்கமே நின்றது. குறிப்பு தாளாளர் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால், எந்த ஆசிரியர் தன் சிரமத்தை வாய்விட்டுச் சொல்வார்? பெயரில்லாமல், பள்ளிக்குப் பொதுவாக எது தேவை என்பதை மட்டும் அவர் நமக்குச் சொல்வார்.

3 பள்ளிகளில் பயிற்றுநரின் இரண்டாம் பருவ வருகை விட்டுப்போயிற்று. மாற்று ஆள் ஏற்பாடு செய்யாதது நம் தவறு.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சியை எதிர்பார்க்கிறது. வரும் ஆண்டுத் திட்டத்தில் மண்டபக் கூட்டத்தைக் குறைத்து, அந்தப் பணத்தைப் பயிற்றுநரின் வருகைகளுக்கு மாற்றும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். அதற்கான வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.

செயலாளர்