ஒற்றைக் காரணம் தேடும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நீ தலைவியான செய்தி, நம் மலேசியச் சிற்றூரான சுங்கை சிப்புட் சந்தையில் எனக்கு முன்பே காய்கறிக்காரருக்குத் தெரிந்திருந்தது. வாழ்த்துகள். உன் புலன (வாட்ஸ்அப்) செய்தியையும் படித்தேன். "அக்கா, நம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைவதற்கு முக்கியக் காரணம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அதைப் பிடித்துச் சரிசெய்துவிடுகிறேன்" என்று கேட்டிருக்கிறாய். அடுத்த கூட்டத்தில் அதை வைத்துத்தான் பேசப் போகிறாயாம். பதில் புலனத்தில் அடங்காது. உன்னைப் போலவே கோயில் கமிட்டியிலும் இளைஞர் மன்றத்திலும் புதிதாகப் பொறுப்பேற்றுவிட்டு இதே கேள்வியோடு முழிப்பவர்கள் பலர் இருப்பதால், பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன் என்பதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நீ ஈப்போவில் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவள். அங்கே இயந்திரம் நின்றால் எந்தப் பாகம் போயிற்று என்று தேடுவாய், மாற்றுவாய், மறுபடி ஓடும். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளியிலும் அதற்கு வேலை இருக்கிறது. கூரை ஒழுகுகிறதா, ஆளைக் கூப்பிட்டு அடை. கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறதா, இந்த வாரமே மாற்று. இதற்கெல்லாம் கருத்தரங்கு வேண்டாம். ரொனால்ட் ஹைஃபெட்ஸ் என்று ஹார்வர்டில் தலைமைத்துவம் சொல்லிக்கொடுத்த ஒருவர், இந்த வகையைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று தனியாகப் பிரித்து வைக்கிறார். தெரிந்தவர் வந்து தீர்த்துவிட்டுப் போகலாம். இன்னொரு வகை உண்டு. அதில் பிரச்சினைக்குள் இருக்கும் மனிதர்களே தங்கள் பழக்கத்தையும் பிடிமானத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் ஒழிய எதுவும் நகராது. அவர்களுக்குப் பதிலாக வேறு யாரும் அந்த வேலையைச் செய்ய முடியாது. இரண்டாவது வகையை முதல் வகை என்று நினைத்துக் கையாள்வதுதான் தலைவர்கள் அதிகம் சறுக்கும் இடம் என்பது அவர் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பிள்ளைகள் குறைவது இரண்டாவது வகை.

யாரைக் கேட்டாலும் கைவசம் ஒரு குற்றவாளி இருப்பார். ஆசிரியர்களைக் கேட்டால் பெற்றோரின் மோகம், பெற்றோரைக் கேட்டால் ஆசிரியர்களின் மெத்தனம். கட்சிக்காரரைக் கேட்டால் எதிர்க்கட்சி. தேநீர்க் கடையில் கேட்டால் கைப்பேசி! எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிட்டுப் போகலாம்.

கொஞ்சம் பின்னாலிருந்து பார். நம் பள்ளி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது? 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால் பள்ளிகள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் முளைத்தன. பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். அப்புறம் பால் வெட்டும் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, அதற்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் ஆட்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கும், கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போனார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றுவிட்டது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 520 சொச்சம்.

நின்றுபோன பள்ளிக்கு நிலமும் சொந்தமில்லை. தோட்டத்து நிலம் என்பதால் அரசின் பகுதி உதவிதான். புதுக் கட்டடம் என்றால் ஒவ்வொரு முறையும் யார் அனுமதி, யார் பணம் என்ற கேள்வி. மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டாவிட்டால் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்ற பட்டியலில் சேர்க்கிறார்கள். 30-க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைக்க வேண்டி வரும். அதைப் பார்க்கும் புதுப் பெற்றோர், "என் பிள்ளைக்கு முழு ஆசிரியர் இல்லையா?" என்று பயந்து வேறு பள்ளியில் போடுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைகிறது. இந்த வட்டத்தில் எதைக் காரணம் என்பாய், எதை விளைவு என்பாய்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். ஒரு சமுதாயத்தின் எண்ணிக்கை குறையாமலிருக்கப் பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை வேண்டும் என்பார்கள். மலேசிய இந்தியர்களிடம் அது 1.5-க்கும் கீழே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எல்லாப் பெற்றோரும் நாளையே தமிழ்ப்பள்ளிக்குத் திரும்பி வந்தாலும் உன் தாத்தா காலத்து எண்ணிக்கை வராது. இதை மேடையில் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. நீ சொல்லலாம்.

இனி, உனக்கு வலிக்கக்கூடிய ஒன்று. உன் மூத்த மகன் தேசியப் பள்ளியில் படித்தவன். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதை உன் முகத்துக்கு நேராகக் கேட்டார் என்றும், நீ ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாய் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கேள்வி உன் பலமாகத்தான் தெரிகிறது. அப்போது உன் கணவருக்கு இரவு ஷிப்ட், உனக்குப் பகல் வேலை. மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியில் போட்டால் மதியம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. நீ தமிழை வெறுக்கவில்லை. மதியம் ஒன்றரை மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில் ஆளில்லாமல் தவித்தாய், அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒரு தாய் தலைவியாக வந்திருப்பது நம் பள்ளிக்கு நல்ல நேரம். சின்னவளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தது எப்படி என்பதையும் சேர்த்துச் சொல். இரண்டு முடிவும் உன்னுடையவைதான். ஒன்றை மறைத்து இன்னொன்றைக் காட்டினால், உன்னைப் போலவே தவிக்கும் தாய்மார்கள் உன்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தலைமை என்றதும் நமக்கு ஒரு பிம்பம் இருக்கிறது. தோட்ட நிர்வாகியான துரை வந்து நின்றால், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேச்சிருக்காது. அவர் சொன்னதுதான் முடிவு. வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குப் பதில் தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி நிற்பார். நம் சங்கங்களில் பல தலைவர்கள் இன்றும் அந்த நிழலில்தான் நிற்கிறார்கள். அதில் நீ பெண், வயதில் சின்னவள், பால் வெட்டியவரின் மகள். "இவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்ல ஆள் காத்திருக்கும்போது, "எனக்குத் தெரியவில்லை" என்று நீயே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் வெறுமனே தெரியவில்லை என்று சொல்லி உட்காரச் சொல்லவில்லை. இது தெரிகிறது, இது தெரியவில்லை, தெரிந்துகொள்ள இந்த மாதம் இதைச் செய்து பார்க்கிறோம் என்று சொல். மூன்றாவது பகுதிதான் உன்னைக் காப்பாற்றும்.

அது இல்லாமல், "ரொம்பச் சிக்கலான விஷயம், பல கோணம் இருக்கிறது" என்று சொல்லியே காலம் தள்ளுகிறவர்களும் நம்மிடம் குறைவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டு மீகூன் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த மீகூன் நன்றாகத்தான் இருக்கும்.

நம் ஊர்க்காரர், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தனை நினைத்துப் பார். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையோடு வீடும் கோயிலும் பள்ளியும் சேர்ந்தே போயின. துண்டாடியவர்களை அவர் மேடை மேடையாகத் திட்டியிருக்கலாம், கைதட்டல் நிச்சயம். அவரோ தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி (மலாயா டாலர்), மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு 10 வெள்ளி சின்னத் தொகை இல்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசித்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள்.

மேடைகளில் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கோ இதற்குப் பிந்தியதுதான் முக்கியம். துண்டாடல் அதோடு நாடு முழுக்க நின்றுவிடவில்லை. பங்குதாரர் ஆனவரும் விடியற்காலையில் வேலைக்குப் போகத்தான் வேண்டும், ரப்பர் விலையையும் அவர் முடிவு செய்ய முடியாது. குடியுரிமைப் பிரச்சினை தனியாக நின்றது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நிலத்துக்கு வழி கண்டவர் எல்லாவற்றுக்கும் வழி கண்டுவிடவில்லை. அதற்காக அந்த 10 வெள்ளி வீணா?

நம் சுங்கை சிப்புட்டையே ஒற்றை வரியில் அடைத்துவிடுகிறார்கள். 1948 ஜூன் 16, தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்தது. தேர்வுக்கு அது போதும். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள், போருக்குப் பிந்தைய பஞ்சம், 1947-இன் வேலைநிறுத்தங்கள், இவையெல்லாம் அந்த வரிக்கு வெளியே நிற்கின்றன.

சரி, உன் கூட்டத்துக்கு வருகிறேன். செயற்குழுப் பட்டியலை அனுப்பியிருந்தாய். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே தாமான், ஒரே வயது, ஒரே அபிப்பிராயம். ராஸ் ஆஷ்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1956-இல் ஒரு விதி சொன்னார். வெளியிலிருந்து வரும் தொந்தரவு எத்தனை விதமோ, அதைச் சமாளிப்பவரிடம் அத்தனை விதமான பதில்கள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உன் குழுவில் ஒரு விதம்தான் இருக்கிறது. பள்ளி வேன் ஓட்டுநரைக் கூப்பிடு. எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் வேன் கட்டணம் மூன்று மாதம் பாக்கி என்று அவருக்குத் தெரியும். லயத்தில் இன்னும் இருக்கும் குடும்பங்களிலிருந்து ஒருவர் வேண்டும். பிள்ளையைத் தேசியப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் ஒருவரையும் கூப்பிடு. சண்டை வரும், வரட்டும்.

அப்படி ஒரு கூட்டம் நடந்தால் முதலில் வெடிக்கப் போவது பள்ளியைத் தாமானுக்கு மாற்றும் யோசனைதான். இதில் எனக்கு ஒரு பக்கம் உண்டு, ஒளிக்கவில்லை. மாற்ற வேண்டும். ஆனால் எதிர்ப்பவர்களைப் பழைமைவாதிகள் என்று நீ தள்ளிவிட்டால் நானே எதிரணியில் போய் உட்காருவேன். லயத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் நடந்து போகும் பள்ளி. பள்ளியை எடுத்துவிட்டால் பக்கத்துக் கோயிலுக்கு வரும் கூட்டமும் கரையும். பெரியவர்கள் சிலருக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு பலகையும் தங்கள் சம்பளத்தில் கழித்துக் கொடுத்த காசு. பள்ளி பிழைக்கலாம், அவர்கள் இழப்பார்கள். இரண்டும் உண்மை. யார் எதை இழக்கிறார்கள் என்பதைத் தலைவி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அறிக்கையிலும் எழுத வேண்டும். "எல்லாருக்கும் நன்மை" என்று மட்டும் எழுதாதே. அது பொய் என்று முதல் வரிசைக்கே தெரியும்.

இடமாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை சின்னதாக இரண்டு மூன்றைச் செய்து பார். பள்ளி முடிந்ததும் மாலை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம், கோயில் மண்டபமே போதும். தாமானிலிருந்து ஒரு வேனுக்கு ஒரு தவணை மட்டும் பாதிக் கட்டணம். பாலர் பள்ளிப் பெற்றோரை, பதிவு நேரம் வரும் முன்பே வீட்டில் போய்ப் பார்ப்பது. தோற்றால் நிறுத்திவிடக்கூடிய அளவில் இருக்கட்டும். பேனர் அடிக்காதே. பேனர் அடித்தால் தோற்றாலும் நிறுத்த மனம் வராது.

நடுவில் உன் கருத்து மாறினால் அதையும் கூட்டத்திலேயே சொல். உனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த வாத்தியாரை எதிர்த்துப் பேச வேண்டி வரும். அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டே எதிர்த்துப் பேசலாம், நம்மில் அது தப்பில்லை.

வேன் ஓட்டுநரின் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். காலையில் கூப்பிடாதே, ஓட்டத்தில் இருப்பார். மூன்று மணிக்கு மேல் பேசு, முதலில் பாக்கி விஷயத்தை எடுக்காமல்.

அன்புடன்,
அக்கா