சூளைக்கு முந்துன வேலை

ஏட்டி செல்வி,

நல்லாருக்கியா? கொழுந்தன் கல்யாண வேலையில ஒனக்கு பதில் போட லேட்டாயிட்டு. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது, மறுநா சொதிச் சாப்பாட்டுல ஒன்னைய தான் பேசிக்கிட்டோம். அம்மைக்கு முட்டுவலி தேவல.

பானைய சுடுததுக்கு முந்தி அக்ரிலிக் பெயிண்ட் அடிக்கலாமான்னு கேட்டிருந்தல்லா, வேண்டாம் பிள்ள, அது பிளாஸ்டிக் சரக்கு, தீயில பொசுங்கிப் போயிரும். தீக்கு நிக்கது மண்ணு கலரு தான். செங்காவிய தண்ணில கரைச்சு கொஞ்ச நேரம் விட்டா மணலு அடில தங்கிரும், மேல நிக்க கலங்கல துணியில வடிச்சு மோரு பதத்துல பூசு. ஆனா எப்பம் பூசுதங்கது தான் பெரிய விசயம். பான பாதி காஞ்சு, வெரலு வச்சா பள்ளம் விழப்பிடாது, நகத்தால கீறுனா கோடு விழணும், அந்தப் பதம். அப்பம் பூசுனா பானையும் பூச்சும் சேந்து சுருங்கும், நல்லா காஞ்ச பானையில பூசுனா பொறவு செதில் செதிலா உரிஞ்சு வந்துரும்.

எனக்குப் பிடிச்சது கூழாங்கல்லு வச்சு தேய்க்கது தான். பூச்சு ஈரம் இழுத்ததும் ஆத்துல பொறக்குன வழுவழுப்பான கல்ல வச்சு ஒரே பக்கமா தேய்ச்சா, மங்கலா இருக்க காவி கல்லு போன தடத்துல மட்டும் கருஞ்செவப்பா மினுங்கும் பாரு, அடுப்புல சோறு வச்சதே மறந்துரும். ஈரம் கூடுனா கல்லு இழுக்கும், கொறைஞ்சா தூளா உதிரும். நீ அங்க கரண்ட் சூளையில குடுக்கப் போறன்னு எழுதிருக்க, ஆயிரம் டிகிரிக்கு மேல ஏத்துனா அந்த மினுமினுப்பு போயிரும்னு சொல்லி வை. இங்க காருகுறிச்சிப் பக்கம் சூளையில அம்புட்டு சூடு ஏறாது, அதுவும் ஒரு வகையில நல்லது தான்.

ஆடி சாரல் காத்துல காய வைக்கது தான் பெரும்பாடு, காத்து படுத பக்கம் சீக்கிரம் காஞ்சு விரிசல் விட்டுரும், அதனால ஈரத்துணிய போட்டு மூடி வீட்டுக்குள்ளயே மெதுவா காய விடுதேன். அவசரப்பட்டு உள்ள ஈரத்தோட சூளைல வச்சா ஆவி வெளிய வர வழியில்லாம படார்னு வெடிச்சிரும்.

அடுத்து ஒட்டு வேல பண்ணலாம்னு இருக்கேன். ஆதிச்சநல்லூர்ல 2004ல தோண்டுனப்ப ஒரு பான ஓடு கெடச்சுதுல்லா, பொம்பள, மானு, மொதல, கொக்கு, நெல்லுக்கதிரு எல்லாம் களிமண்ணையே உருட்டி ஒட்டிருக்காவ. ஒட்டுத எடத்துல ரெண்டு பக்கமும் கீறி, கொழகொழன்னு மண்ணு கரைசல தடவி அமுக்கணும், நடுவுல காத்தும் ஈரமும் நின்னா சூளையில தெறிச்சிரும். அம்மாம் பெரிய தொழில்காரங்க நம்ம ஆத்தங்கரையில இருந்திருக்காவ, நாம என்னடான்னா சுட்ட பானைக்கு மேல வார்னிஷ் அடிச்சு ஷோகேஸ்ல வைக்கோம்.

பொங்கலுக்கு வாரப்ப நைஸ் கண்ணு உள்ள சல்லடை ஒண்ணு வாங்கிட்டு வாட்டி, மாவு சல்லடைய எடுத்தா அத்தை ஏசுதாவ.

ஒன்
வள்ளி